பாட் ஃபில்டர் போட்ட பழைய பைக்கில் கார்புரேட்டர் ட்யூனிங்: எதை முதலில் தொடுவது?

பழைய பைக்கின் ஏர் பாக்ஸைக் (கம்பெனி போட்ட காற்று ஃபில்டர் பெட்டி) கழற்றிவிட்டு இரண்டு பாட் ஃபில்டரை (கார்புரேட்டரின் வாயில் நேரே மாட்டும் சின்ன ஃபில்டர்) மாட்ட அரை மணி நேரம் போதும். அதற்குப் பிறகு அந்த வண்டி ஒழுங்காக ஓட எனக்கு நாலு மாதம் பிடித்தது. அதில் மூன்று மாதம் வீண். வேலை கஷ்டமானது என்பதால் அல்ல, எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரியாததால். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் வண்டி 1979ல் செய்த ஜப்பானிய 400 சிசி. இரண்டு சிலிண்டர், காற்றிலேயே குளிரும் இன்ஜின், இரண்டு மிக்குனி கம்பெனி சிவி கார்புரேட்டர் (இன்ஜினின் உறிஞ்சலாலேயே உள்கதவு ஏறி இறங்கும் வகை). எனக்கு முன் வைத்திருந்தவர் பக்கத்துக்கு ஒன்றாக இருந்த சைலென்சர்களை எடுத்துவிட்டு இரண்டு குழாயையும் ஒன்றாகச் சேர்த்திருந்தார். ஏர் பாக்ஸ் இருந்த இடத்தில் இப்போது காலியிடம்தான், பார்க்க அழகு. உங்களுடையது ஒற்றைச் சிலிண்டர் என்றால் கீழே உள்ளதில் கால்வாசி வேலை உங்களுக்கு இல்லை. நாலு சிலிண்டர் என்றால், சரி, ஒரு நல்ல ஸ்டூல் வாங்கிக்கொள்ளுங்கள், முதுகு தாங்காது.

பாட் போட்டதும் ஏன் வண்டி இருமுகிறது? கார்புரேட்டருக்குக் காற்றை எடை போடத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் உறிஞ்சல் மட்டும்தான். இன்ஜின் எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறதோ அவ்வளவு பெட்ரோல் ஜெட் (நுண்ணிய ஓட்டை உள்ள பித்தளைத் துண்டு) வழியாக மேலே ஏறும். ஏர் பாக்ஸின் சிறிய மூக்கு காற்றைக் கொஞ்சம் தடுக்கும். அந்தத் தடுப்பால் கார்புரேட்டரின் தொண்டையில் உறிஞ்சல் கூடும். கம்பெனி அதைக் கணக்கில் வைத்துத்தான் ஜெட்டைத் தேர்ந்தெடுத்தது. தடுப்பை எடுத்துவிட்டால் காற்று தாராளமாக வரும், உறிஞ்சல் குறையும், அதே ஜெட் முன்னைவிடக் குறைவாகப் பெட்ரோல் தரும். பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சினால் லீன். பெட்ரோல் மிஞ்சினால் ரிச். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். முழு வேகத்தில் நல்ல இழுவை கிடைப்பது 13க்கு அருகில். லீனாக ஓடும் காற்றுக்குளிர் இன்ஜின் சூடேறும். ரொம்ப நாள் அப்படி ஓட்டினால் பிஸ்டனுக்கு ஆபத்து.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்

சிங்கப்பூரில் எக்ஸாஸ்டை மாற்றுவது நம் விருப்பம் மட்டுமல்ல. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்ட சைலென்சராக இருக்க வேண்டும். சத்தத்தையும் புகையையும் கூட்டும் மாற்றங்களுக்கு இடமில்லை. மூன்று வயதைத் தாண்டிய மோட்டார்சைக்கிள் ஆண்டுதோறும் சோதனைக்குப் போகும். அங்கே புகையையும் பார்ப்பார்கள், எனவே ஐடிலில் (த்ராட்டிலைத் திருகாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) கன்னாபின்னாவென்று ரிச்சாக வைத்திருந்தால் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். இன்னொன்று: 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்களை 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலையில் ஓட்ட முடியாது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் அறிவித்திருக்கிறது. கிளாசிக், விண்டேஜ் திட்டங்களுக்கு விதிகள் வேறு. பழைய வண்டி வாங்கப் போகிறவர் காசு கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுவது நல்லது.

சைலென்சருக்குள் தடுப்பே இல்லாத நேர்க்குழாயைப் பலர் ஆசைப்பட்டு வைக்கிறார்கள். சட்டத்தை விடுங்கள், ட்யூனிங்குக்கே அது தொல்லை. தடுப்பில்லாத குழாயில் சில ஆர்பிஎம்களில் காற்றலை எதிர்த்துத் திரும்பி வந்து கலவையைக் குழப்பும். எந்த ஜெட்டும் அந்தக் குழியை நிரப்பாது. நல்ல தடுப்புள்ள, அனுமதி பெற்ற சைலென்சரோடு தொடங்குங்கள். பக்கத்து பிளாக் பாட்டியும் வாழ்த்துவார்.

கார்புரேட்டரை இன்னும் தொடாதீர்கள்

கார்புரேட்டர் நோய் என்று நாம் நினைப்பதில் பாதி வேறு இடத்தில் இருக்கிறது. முதலில் வால்வ் இடைவெளி. குளிர்ந்த இன்ஜினில், உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம். இரண்டு சிலிண்டருக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் அதைத் தீர்க்காமல் ஜெட் மாற்றிப் பயனில்லை. பாயின்ட் (ஸ்பார்க்கைத் தூண்டும் பழைய காலத் தொடுமுனை) வைத்த வண்டி என்றால் பாயின்ட் இடைவெளி, இக்னிஷன் டைமிங், பேட்டரி. புதிய ப்ளக், கம்பெனி சொன்ன எண்ணிலேயே போடுங்கள். என்ஜிகே ப்ளக்கில் எண் கூடக்கூட ப்ளக் குளிர்ச்சியானது, அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும். "வெயில் நாடு, அதனால் குளிர்ந்த ப்ளக்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் ரப்பர். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய் நாற்பது வருடத்தில் பிஸ்கட் போல ஆகிவிடும். நம் ஊர் வெயிலும் ஈரமும் சேர்ந்து அதை இன்னும் சீக்கிரம் முடிக்கும். கையால் வளைத்துப் பார்த்தால் மேல்தோலில் கோடு கோடாக வெடிப்பு தெரியும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது அந்த ரப்பரைச் சுற்றித் தண்ணீரை மெல்லிய சாரலாக அடியுங்கள். ஐடில் சத்தம் மாறினால் அங்கே காற்று கசிகிறது. கார்ப் கிளீனரை அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

எக்ஸாஸ்ட் குழாய் சிலிண்டரில் சேரும் இடத்தில் இருக்கும் கேஸ்கெட்டையும் புதிதாகப் போடுங்கள். த்ராட்டிலை மூடும்போது பட் பட் என்று வெடிக்கிறதே, அதைக் கேட்டதும் எல்லாரும் பைலட் (ஐடிலுக்கும் அதை ஒட்டிய திறப்புக்கும் பெட்ரோல் தரும் சிறிய ஜெட்) லீன் என்பார்கள். பல நேரம் இந்த கேஸ்கெட் வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்து, எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் குழாய்க்குள் எரிவதுதான் காரணம்.

கடைசியாக, பெட்ரோல் கார்புரேட்டருக்கு வந்து சேருகிறதா? கஸ்டம் வண்டிகளில் டாங்க் மாறியிருக்கும், குழாய் வளைந்து நெளிந்திருக்கும், நடுவில் ஒரு சின்ன ஃபில்டர் சொருகியிருக்கும். குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் ஓட விட்டுப் பாருங்கள். தடையில்லாமல், ஒரே சீராக ஓட வேண்டும். டாங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தால் முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு லீன் போலத் திணறும். மூடியைத் திறந்ததும் சரியாகிவிட்டால் விடை கிடைத்துவிட்டது.

பெட்ரோல் எது போடுவது என்று கேட்பார்கள். பழைய குறைந்த கம்ப்ரஷன் இன்ஜினுக்கு 95 ஆக்டேன் தாராளம். 98 ஊற்றினால் ஜெட் சரியாகாது, பர்ஸ்தான் லீனாகும்.

பிரிக்கும்போது

ஜப்பானிய கார்புரேட்டரில் இருப்பது பார்க்க பிலிப்ஸ் ஸ்க்ரூ போலத்தான் இருக்கும். ஆனால் அது ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய அளவு. சாதாரண பிலிப்ஸ் டிரைவர் வழுக்கி மேலே ஏறித் தலையைத் தின்றுவிடும். ஒரு ஜேஐஎஸ் டிரைவர் வாங்குங்கள். இந்த வேலைக்கு நான் செலவழித்த காசில் மனம் நோகாதது அது ஒன்றுதான்.

டாங்கை இறக்கி, கார்புரேட்டரைக் கழற்றி, வெள்ளைத் துணி விரித்த மேசையில் வையுங்கள். ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுங்கள். ஒரு கார்புரேட்டரை முடித்த பிறகே அடுத்ததைத் திறங்கள். இரண்டின் பாகங்களும் கலக்கக் கூடாது. வீவக (அரசாங்க அடுக்குமாடி) வாகன நிறுத்துமிடத்தில் வைத்துப் பிரிக்காதீர்கள். விதி ஒருபுறம் இருக்க, அங்கே உருண்டோடிய பித்தளை ஜெட்டைச் சாக்கடைக் கம்பிக்குள்ளிருந்து எடுத்த கதை என்னிடம் இருக்கிறது. பெட்ரோலை முழுக்க வடித்து, நாற்றம் போக விட்டு, கார்புரேட்டரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்; அடுப்பும் பெட்ரோல் ஆவியும் ஒன்றாக இருக்கக் கூடாது.

ஜெட்டின் ஓட்டையைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, ஓட்டை பெரிதானால் எண் பொய்யாகிவிடும். கார்ப் கிளீனரும் அழுத்தக் காற்றும் போதும். கிளீனர் அடிக்கும் முன் ரப்பர் பாகங்கள் அனைத்தையும் எடுத்துவிடுங்கள், முக்கியமாக சிவி கார்புரேட்டரின் டயஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வு. அதில் கிளீனர் பட்டால் ஊறிப் பெரிதாகும், திரும்ப அதன் பள்ளத்தில் உட்காராது. டயஃப்ரத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள்; ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் அது செத்தது.

ஜெட்டில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. கெய்ஹின் (இன்னொரு ஜப்பானிய கார்புரேட்டர் கம்பெனி) மெயின் ஜெட்டின், அதாவது முழுத் திறப்புக்கான பெரிய ஜெட்டின், எண் ஓட்டையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக. மிக்குனியின் அறுகோண மெயின் ஜெட்டில் எண் என்பது எவ்வளவு பாய்கிறது என்ற அளவு. ஆகவே மிக்குனி 135ம் கெய்ஹின் 135ம் ஒன்றல்ல. நண்பர் "நான் 140 போட்டேன், பறக்கிறது" என்றால் எந்தக் கம்பெனி 140 என்று கேளுங்கள். இணையத்தில் பத்து ஜெட் பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் பொட்டலங்களை வாங்கி நான் பட்டிருக்கிறேன்; இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே எண், ஆனால் ஒரு ப்ளக் கறுப்பு, ஒன்று வெள்ளை. காக்கி புக்கிட், உபி பக்கம் உள்ள கடைகளில் அசல் ஜெட் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் வரவழைத்துத் தருவார்கள்.

கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் உயரத்தையும் இப்போதே அளந்துவிடுங்கள். கார்புரேட்டரைச் சாய்த்துப் பிடித்து, மிதவையின் நாக்கு ஊசி வால்வின் சிறிய ஸ்பிரிங் முனையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலையில் அளக்க வேண்டும். அதை அமுக்கிவிட்டால் அளவு தப்பு. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் மாறினால் எல்லா ஜெட்டும் மாறிவிட்டது போல நடக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கட்டும்.

பாட் ஃபில்டரின் உதடு

என் மூன்று மாத வீணுக்குக் காரணம் இது. கால்வாசி த்ராட்டிலைத் தாண்டியதும் வண்டி ஒரு நொடி மூச்சை நிறுத்தி, பிறகு குதிக்கும். மெயின் ஜெட் சின்னது என்று முடிவுகட்டினேன். 135ஐ எடுத்து 140, பிறகு 145, பிறகு 150. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு ஜெட். 150ல் எக்ஸாஸ்ட் வாய் கரி பிடித்தது, அந்தத் திணறல் மட்டும் அப்படியே.

பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்யவே இல்லை. பாட் ஃபில்டரைக் கழற்றினார், கார்புரேட்டரின் வாயை டார்ச் அடித்துப் பார்த்தார், ஃபில்டரைத் திருப்பி அதன் ரப்பர் உதட்டைக் கட்டைவிரலால் தடவினார். "தம்பி, இது மூக்கைப் பொத்திக்கிட்டு இருக்கு" என்றார்.

சிவி கார்புரேட்டரின் வாயைச் சுற்றிப் பார்த்தால் ஓரத்தில் இரண்டு மூன்று சின்ன ஓட்டைகள் இருக்கும். ஒன்று பைலட் வழிக்கு, ஒன்று மெயின் வழிக்குக் காற்று கொடுப்பது, இன்னொன்று டயஃப்ரத்தின் அடிப்பக்கத்துக்கு வெளிக்காற்றைத் தருவது. இந்தக் கார்புரேட்டரில் ஸ்லைடை, அதாவது அந்த உள்கதவை, நாம் கேபிளால் தூக்குவதில்லை. மேலே உறிஞ்சல், கீழே வெளிக்காற்று, அந்த வித்தியாசம்தான் அதைத் தூக்குகிறது. என் மலிவு பாட் ஃபில்டரின் உள் உதடு சுமார் 4 மில்லிமீட்டர் உள்ளே நீண்டு அந்த ஓட்டையைப் பாதி மூடியிருந்தது. ஸ்லைட் எழுந்திருக்கவே மூச்சு முட்டியது. அண்ணன் ஒரு கத்தியால் உதட்டைச் சீவி மாட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

ஆகவே ஜெட் வாங்கும் முன் உங்கள் ஃபில்டரின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். உதடு நீண்டிருந்தால் வேறு ஃபில்டர் வாங்குங்கள். இன்னொரு சோதனை: ஸ்லைடை விரலால் மேலே தள்ளி விடுங்கள், தடுக்காமல், மெதுவாக, இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் இறங்க வேண்டும். ஒன்று மட்டும் தொப்பென்று விழுந்தால் டயஃப்ரத்தில் ஓட்டை அல்லது மூடி சரியாக உட்காரவில்லை.

டேப் ஒட்டுங்கள்

இனிதான் ட்யூனிங். த்ராட்டில் கைப்பிடியில் ஒரு துண்டு வெள்ளை டேப், பக்கத்தில் அசையாத பாகத்தில் இன்னொரு துண்டு. மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போடுங்கள். புதியவர்கள் "50ல் திணறுது", "4,000 ஆர்பிஎம்மில் இழுக்கலை" என்பார்கள். கார்புரேட்டருக்கு வேகமும் தெரியாது, கியரும் தெரியாது. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் எந்த ஜெட் பேசுகிறது என்பதைக் காட்டும்.

மூடிய நிலையிலிருந்து ஏறக்குறைய கால் வரை பைலட் ஜெட்டும் அதன் ஸ்க்ரூவும். காலிலிருந்து முக்கால் வரை ஊசி (ஸ்லைடில் தொங்கி, அதோடு ஏறி இறங்குவது). முக்காலுக்கு மேல் மெயின். எல்லை சுவர் போல இல்லை, ஒன்றின் ஆட்சி மங்கும்போது அடுத்தது தலையெடுக்கும். சிட்டிக்குள் ஓட்டும்போது கை பெரும்பாலும் அரைக்குக் கீழேதான் இருக்கும். அப்படி இருக்க எல்லாரும் மெயின் ஜெட்டைப் பற்றியே பேசுவது ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

வரிசை இதுதான். ஐடிலில் நிற்கும் அளவுக்கு பைலட்டை ஏனோதானோ என்று வைத்துக்கொண்டு, முதலில் மெயின், பிறகு ஊசி, திரும்ப பைலட், கடைசியில் இரண்டு கார்புரேட்டரையும் சமன்படுத்துவது. மேலிருந்து கீழே வர வேண்டும், ஏனென்றால் மெயினை மாற்றினால் ஊசியின் பகுதியும் கொஞ்சம் அசையும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஒரு சின்ன நோட்டில் தேதி, ஜெட் எண், ஊசி நிலை, ஸ்க்ரூ எத்தனை சுற்று, எப்படி ஓடியது. மழை பெய்ததா என்றும் எழுதுவேன்.

மெயின். பாட் ஃபில்டரும் தாராளமான எக்ஸாஸ்டும் சேர்ந்தால் பெரும்பாலும் பழைய எண்ணிலிருந்து இரண்டு முதல் நாலு படி மேலே போக வேண்டியிருக்கும். எக்ஸாஸ்ட் மட்டும் மாறியிருந்தால் ஒன்று, இரண்டு. பெரியதிலிருந்து கீழே வாருங்கள், ரிச் தவறினால் ப்ளக் போகும், லீன் தவறினால் பிஸ்டன் போகும். இரண்டாம் கியரில் முழுசாகத் திறந்து சில வினாடி இழுங்கள், அவ்வளவுதான். நம் விரைவுச்சாலைகளில் வரம்பு அதிகபட்சம் 90. நான் ஞாயிறு காலை ஆறரைக்கு, ஆளில்லாத நேரான சாலையில், வரம்புக்குள் முடித்துக்கொள்வேன். முழுசிலிருந்து கொஞ்சம் மட்டும் த்ராட்டிலைத் திருப்பும்போது வண்டி மேலும் உற்சாகமாக இழுத்தால் மெயின் லீன். கனமாக, தொண்டை கட்டியது போல ப்ளப் ப்ளப் என்று முனகினால் ரிச். டைனோ (பின்சக்கரத்தை உருளையில் ஓட்டி இழுவையை அளக்கும் மேடை) இருக்கும் பட்டறையில் ஒரு மணி நேரம் வாங்க முடிந்தால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம். எக்ஸாஸ்ட் குழாயில் ஆக்ஸிஜன் சென்சருக்கு ஒரு நட்டு வெல்டிங் செய்து வைத்தாலும் கலவையை எண்ணாகவே பார்க்கலாம்.

ப்ளக் நிறத்தைப் பார்த்துச் சொல்வது பழைய கலை. ஈயம் இல்லாத பெட்ரோலில் காப்பி நிறம் எளிதில் வராது. வெள்ளைப் பீங்கானின் அடியில், உலோகத்தைத் தொடும் இடத்தில் மெல்லிய புகை வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். ஐடிலில் ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து ப்ளக்கைக் கழற்றினால் அது ஐடிலின் நிறத்தைத்தான் காட்டும்.

ஊசி. அதன் மேல்பக்கத்தில் ஐந்து பள்ளம் இருந்தால் கிளிப்பைக் கீழ்ப் பள்ளத்துக்கு மாற்றும்போது ஊசி மேலே ஏறும், அதாவது ரிச். மேல் பள்ளம் என்றால் லீன். சில சிவி கார்புரேட்டர்களில் பள்ளமே இருக்காது. அங்கே ஊசியின் தலைக்கு அடியில் அரை மில்லிமீட்டர் தடிமனான குட்டி வாஷர் ஒன்று போட்டு உயர்த்தலாம். பாட் போட்ட என் வண்டிக்கு ஒரு வாஷர் போதுமாக இருந்தது. அரை த்ராட்டிலில் ஒரே சீராகப் பிடித்து ஓட்டுங்கள். வண்டி முன்னும் பின்னும் தானாக ஊசலாடினால் லீன். மந்தமாக, சூடேறச் சூடேற மோசமாக ஓடினால் ரிச்.

பைலட். இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கலவை ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் லீன். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் ரிச். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு மாதக்கணக்கில் சுற்றியவர்கள் எத்தனையோ பேர். ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருப்பி, தொட்டதும் நிறுத்துங்கள். முறுக்கினால் அதன் கூரிய முனை உடைந்து உள்ளேயே நிற்கும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே.

பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். ஐடில் 1,200க்கு அருகில் இருக்கட்டும். இதைத் திறந்த வெளியில், முன்னால் ஒரு ஃபேன் வைத்துச் செய்யுங்கள். நிற்கும் வண்டிக்குக் காற்று கிடையாது, உங்களுக்கோ எக்ஸாஸ்ட் புகை. சிங்கப்பூரில் நிறுத்திய வண்டியின் இன்ஜினைச் சும்மா ஓடவிடுவதும் குற்றம் என்பதால் தெரிந்தவர் பட்டறையில் இடம் கேட்டுக்கொள்வது உத்தமம். ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி ஆர்பிஎம் எங்கே உச்சம் தொடுகிறது என்று பிடியுங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் வர வேண்டும். பெட்ரோல் ஸ்க்ரூ மூன்று சுற்றுக்கு மேல் கேட்டால் பைலட் ஜெட் சிறியது, ஒரு சுற்றுக்குள் அடங்கினால் பெரியது. காற்று ஸ்க்ரூவுக்கு இது நேர்மாறு.

இப்போது த்ராட்டிலை ஒரு வெட்டு வெட்டி விடுங்கள். ஆர்பிஎம் மேலேயே தொங்கி நிதானமாக இறங்கினால் லீன். ஐடிலுக்கும் கீழே முங்கி, பிறகு எழுந்தால் ரிச். ஒரே மூச்சில் வந்து 1,200ல் உட்கார்ந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள்.

காலையில் சோக் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் விடிகாலையிலும் 22 டிகிரிக்குக் கீழே அரிதாகத்தான் இறங்கும். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஆன பிறகும் சோக் இல்லாமல் ஓட மாட்டேன் என்று வண்டி அடம்பிடித்தால் பைலட் லீன் என்று எடுத்துக்கொள்ளலாம். சோக்கே வேண்டாம், தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது என்று பெருமைப்படுபவரின் வண்டி ரிச்சாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டையும் சமன்படுத்துதல்

மேசையிலேயே பாதி முடித்துவிடலாம். இரண்டு பட்டர்ஃப்ளை தட்டுகளின் அடியிலும் ஒரே மெல்லிய கம்பியைச் செருகி, இரண்டிலும் ஒரே பிடிப்பு தெரியும்வரை இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் நடு ஸ்க்ரூவைத் திருப்புங்கள்.

வண்டியில் மாட்டிய பின் மீதி. உறிஞ்சலை அளக்கும் வேக்கம் கேஜ் இல்லையா? நாலைந்து மீட்டர் ஒளிபுகும் மெல்லிய ட்யூப் வாங்கி, அதை ஒரு பலகையில் நீளமான யு வடிவில் கட்டி, அடியில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கொஞ்சம் ஊற்றுங்கள். இரண்டு முனையையும் கார்புரேட்டரின் இன்ஜின் பக்கம் உள்ள வேக்கம் துளைகளில் மாட்டுங்கள். எந்தப் பக்கம் உறிஞ்சல் அதிகமோ அந்தப் பக்கம் ஆயில் ஏறும். நடு ஸ்க்ரூவால் மட்டத்தைச் சமமாக்கினால் வேலை முடிந்தது. ஆயில் துள்ளாமல் இருக்க ட்யூபுக்குள் ஒவ்வொரு பக்கமும் ஒரு பழைய ஜெட்டைச் செருகிவிடலாம். என் 150 ஜெட் இரண்டும் இப்போது அங்கேதான் இருக்கின்றன. மேசையில் சமன்படுத்தாமல் நேராக இதைச் செய்தால் ஒரு பக்கம் ஆயிலை அப்படியே குடித்துவிடும், ஜாக்கிரதை.

சமன்படுத்திய பின் ஐடிலையும் பைலட் ஸ்க்ரூவையும் இன்னொரு தரம் தொட்டுப் பாருங்கள். சிறிது மாறியிருக்கும்.

நம் ஊர்க் காற்று

வெளிநாட்டுக்காரர் சொன்ன ஜெட் எண்ணை அப்படியே போடாதீர்கள். 15 டிகிரிக் காற்றைவிட 31 டிகிரிக் காற்று சுமார் 5 சதவீதம் லேசானது. நம் ஈரப்பதம் ஆக்ஸிஜனில் இன்னும் கொஞ்சம் தின்னும். அவருக்குச் சரியான ஜெட் நமக்கு ஒரு படி ரிச்சாக இருக்கலாம். ஆனால் ஒரு வரம் நமக்கு உண்டு. இங்கே குளிர்காலம் இல்லை, மலையும் இல்லை. புக்கிட் தீமா குன்றின் உச்சியே 164 மீட்டர்தான். ஒருமுறை சரியாக வைத்தால் டிசம்பர் மழையிலும் ஏப்ரல் வெயிலிலும் அதே ஜெட் ஓடும்.

கடற்பாலம் தாண்டி மலேசியாவின் கெந்திங் மலைக்குப் போனால் கதை வேறு. 1,800 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து வண்டி ரிச்சாகும், பெட்ரோல் வாசம் அடிக்கும், கடைசிக் கொண்டைஊசி வளைவுகளில் சோம்பும். அதற்காக மலையடிவாரத்தில் உட்கார்ந்து ஜெட் மாற்றாதீர்கள். இறங்கியதும் தானாகச் சரியாகிவிடும். ரிச்சாக ஒரு நாள் ஓடினால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது.

மழைக்கு மட்டும் ஒரு யோசனை. ஏர் பாக்ஸ் இல்லாத பாட் ஃபில்டர் பின்சக்கரம் அள்ளித் தெறிக்கும் தண்ணீரை நேராக வாங்கும். நனைந்த ஃபில்டரில் காற்று புகாது, வண்டி திடீரென்று ரிச் ஆகித் தடுமாறும். பின்னால் ஒரு சிறிய தகடு வையுங்கள், கறுப்பு பெயின்ட் அடித்தால் யார் கண்ணிலும் படாது. இரண்டு வாரத்துக்கு மேல் வண்டியை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டாங்க் வால்வை மூடி, கிண்ணத்தின் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடியுங்கள். பாட்டிலின் அடியில் தண்ணீர் முத்துமுத்தாகத் தங்கியிருந்தால் டாங்குக்குள் டார்ச் அடித்துத் துரு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.